வெள்ளையில் எந்த வெள்ளை?

ஒரு முறத்தில் ஒரு கைப்பிடி பச்சரிசியைப் போட்டுப் பாருங்கள். நல்ல வெள்ளையாக இருக்கும். அதன் பக்கத்தில் ஒரு கைப்பிடி புழுங்கலரிசி வையுங்கள். அது மஞ்சள் என்று கண் உடனே சொல்லிவிடும். இப்போது பச்சரிசிக்கு இன்னொரு பக்கத்தில் கொஞ்சம் தூள் உப்பைக் கொட்டுங்கள். இவ்வளவு நேரம் வெள்ளையாக இருந்த பச்சரிசியே லேசாகப் பழுப்பேறித் தெரியும். அரிசி அதே அரிசிதான். பக்கத்தில் வந்து உட்கார்ந்த பொருள்தான் வேறு.

வீட்டுச் சுவருக்கு வெள்ளை பெயிண்ட் தேர்ந்தெடுப்பதில் இருக்கிற சிக்கல் முழுக்க அந்த முறத்தில் இருக்கிறது. பெயிண்ட் கடையில் ஷேட் கார்டைப் பிரித்தால் வெள்ளையும் வெள்ளையை ஒட்டியதுமாக வரிசையாகக் கட்டங்கள் இருக்கும். ஒவ்வொன்றாகப் பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலத்தான். சுவரில் ஏறியபின் ஒன்று ஆஸ்பத்திரி வார்டு மாதிரி வெளிறிக் கிடக்கும், ஒன்று வெண்ணெய் பூசினதுபோல இருக்கும், இன்னொன்று நாலு நாள் கட்டிய வேட்டி மாதிரி மங்கும். "வெள்ளைதானே, ஏதாவது ஒண்ணு அடிச்சிடுங்க" என்று பெயிண்டரிடம் சொல்லிவிட்டு ஊருக்குக் கிளம்புகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு பதறும். பச்சையோ நீலமோ கொஞ்சம் தப்பினால் அந்தச் சுவர் மட்டும்தான் கெடும். வெள்ளை தப்பினால் அறையில் இருக்கிற எல்லாப் பொருளும் தப்பாகத் தெரியும்.

எங்களுக்கு அது நடந்தது. திருச்சியில் எங்கள் அடுக்குமாடி வீட்டின் ஹாலுக்கு, கடையில் இருந்ததிலேயே பளிச்சென்ற வெள்ளையாகப் பார்த்து எடுத்தோம். தரையில் சந்தன நிற விட்ரிஃபைட் டைல்ஸ். இரண்டாவது கோட் காய்ந்த அன்று சாயங்காலம் ட்யூப் லைட்டைப் போட்டேன். முந்தின நாள் வரைக்கும் அழகாக இருந்த தரை, காவேரி வெள்ளம் வந்து வடிந்த மாதிரி அழுக்காகத் தெரிந்தது. பெயிண்ட் வேலையின் தூசி என்று நினைத்து இரண்டு தடவை மாப் போட்டேன். மேஸ்திரி, சுண்ணாம்பு அடித்த காலத்திலிருந்தே இந்த வேலையில் இருப்பவர், ஏணியை மடக்கிக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தரையில ஒண்ணுமில்லம்மா. சுவர்தான் அதைக் காட்டிக்குடுக்குது."

"கடையில நல்லாத்தானே இருந்துச்சு அண்ணே?"

"கடையில உங்க தரை இல்லையேம்மா."

அவர் சொன்ன அந்த ஒரு வரியைத்தான் இங்கே விரித்துச் சொல்லப்போகிறேன்.

வெள்ளைக்குள் இருக்கும் சாயல்

இன்றைய எமல்ஷன் பெயிண்டுகளுக்கு வெண்மை தருவது டைட்டானியம் டையாக்சைடு என்கிற வெள்ளைத் தூள். ஒளியை வளைத்துத் திருப்பி அனுப்புவதில் சுண்ணாம்பைவிட இது பல மடங்கு கெட்டி. அதனால்தான் இரண்டு கோட்டில் பழைய சுவர் மறைந்துவிடுகிறது. இந்தத் தூள் கலந்த வெள்ளை பேஸை எடுத்து, கடையில் இருக்கிற டிண்டிங் மெஷின் சில சொட்டு நிறங்களைச் சேர்க்கும். கொஞ்சம் மஞ்சள், இம்மியளவு கறுப்பு, சில சமயம் சிவப்போ பச்சையோ. அந்தச் சில சொட்டுகள்தான் ஒரு வெள்ளைக்கும் இன்னொரு வெள்ளைக்கும் உள்ள வித்தியாசம். இதை நாம் சாயல் என்று வைத்துக்கொள்வோம். கடைக்காரர்கள் அண்டர்டோன் என்பார்கள்.

மஞ்சள் சாயல் உள்ளது பசும்பால் மாதிரி, ஐவரி மாதிரி இருக்கும். சிவப்புச் சாயல் உள்ளது சங்கின் உட்புறம் போல லேசாக இளஞ்சிவப்பு காட்டும். கறுப்பும் நீலமும் கலந்தது சாம்பல் பக்கம் சாயும். பச்சைச் சாயல் கொண்ட வெள்ளையும் உண்டு. புதிதாகப் பார்ப்பவர்களுக்குப் பிடிபடாது, ஆனால் செம்மண் நிறப் பொருள்களுக்குப் பக்கத்தில் உடனே தெரியும். இவை எதுவும் சேராமல் தும்பைப் பூ மாதிரி இருப்பது இன்னொரு வகை.

இந்தச் சாயல் விஷயம் நம் ஊருக்குப் புதிதில்லை. பொங்கலுக்குச் சுண்ணாம்பு அடிக்கும்போது கரைசலில் ஒரு கை நீலம் போடுவார்கள். வெறும் சுண்ணாம்பு காய்ந்தால் சற்று மஞ்சளடிக்கும். மஞ்சளும் நீலமும் ஒன்றையொன்று அடக்கிக்கொள்ள, கண்ணுக்குத் தூய வெள்ளையாகத் தெரியும். வெள்ளை வேட்டியை அலசும் கடைசித் தண்ணீரில் சொட்டு நீலம் விடுவதும் அதே கணக்குத்தான். நீலம் கூடிப்போனால் வேட்டியும் சுவரும் வெளிர்நீலமாகிவிடும் என்பது இதைச் செய்து பார்த்த எல்லோருக்கும் தெரியும். கடையில் "ரொம்ப பிரைட்" என்று காட்டப்படும் பல வெள்ளைகள் இந்த நீலப் பக்கம் சாய்ந்தவை. எங்கள் ஹாலில் அடித்ததும் அதுதான்.

சாயலைக் கண்டுபிடிக்க எளிய வழி: நாலைந்து வெள்ளை ஷேட் கார்டுகளை ஜெராக்ஸ் எடுக்கும் வெள்ளைத்தாளின்மேல் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். தனியாகப் பார்த்தபோது ஒளிந்திருந்த மஞ்சளும் சாம்பலும் வெளியே வந்துவிடும். ஒரு எச்சரிக்கை உண்டு. அந்தத் தாளில் வெயிலில் உள்ள புற ஊதாக் கதிரை வாங்கி நீல ஒளியாக வெளியிடும் ரசாயனம் சேர்த்திருப்பார்கள். அதனால் தாளுக்குப் பக்கத்தில் எந்தப் பெயிண்டும் கொஞ்சம் மஞ்சளாகவே தெரியும். தாளை வைத்து ஒரு வெள்ளையை இன்னொரு வெள்ளையோடு ஒப்பிடலாம். "இந்தத் தாள் மாதிரியே சுவர் வேணும்" என்று மட்டும் கேட்காதீர்கள். எங்கள் ஹால் மாதிரி ஆகிவிடும்.

முதலில் தரை, பிறகு எதிர்வீடு

சுவரை மாற்றலாம், தரையை மாற்ற முடியாது. ஆகவே தேர்வு தரையிலிருந்துதான் தொடங்க வேண்டும். ஜன்னல் வழியாக வரும் வெளிச்சம் பெரும்பாலும் முதலில் விழுவது தரைமேல். அங்கிருந்து எழும்பித்தான் சுவருக்குப் போகிறது. போகும்போது தரையின் நிறத்தையும் கொஞ்சம் எடுத்துக்கொண்டு போகிறது.

இதைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் சிவப்பு ஆக்சைடு தரை போட்ட பழைய வீட்டுக்குப் போங்கள். கும்பகோணத்தில் என் அம்மா பிறந்த வீட்டில் அப்படி ஒரு தரை. பல வருஷம் தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்துக் கண்ணாடியாகியிருக்கும். காலை ஒன்பது மணிக்கு முற்றத்து வெயில் தாழ்வாரத்தில் விழும்போது, வெள்ளைச் சுவரின் கீழ் இரண்டடி உயரத்துக்கு மருதாணி கழுவிய தண்ணீர் தெளித்தாற்போல ஒரு சிவப்பு படரும். மேலே போகப் போகக் கரைந்து விட்டத்துக்குப் பக்கத்தில் வெறும் வெள்ளையாகிவிடும். சின்ன வயதில் அந்த இடத்தில் கையை வைத்துப் பார்ப்பேன், கையும் சிவக்கும். அந்த வீட்டுச் சுவரில் இருந்தது நீலம் போட்ட சுண்ணாம்பு. தரையின் சிவப்பும் சுவரின் நீலக் குளிர்ச்சியும் ஒன்றுக்கொன்று ஈடுகொடுத்தன. அதே வீட்டில் இளஞ்சிவப்புச் சாயல் கொண்ட வெள்ளையை அடித்திருந்தால் தாழ்வாரம் முழுக்க ரோஸ் மில்க் நிறமாகியிருக்கும். செம்மண் நிறத் தரை, சிவப்பு கலந்த ஆத்தங்குடி டைல்ஸ் உள்ள வீடுகளுக்குச் சாயல் இல்லாத வெள்ளையோ, இம்மி சாம்பல் கலந்ததோதான் என் பரிந்துரை.

ஐவரி, சந்தன நிற டைல்ஸ் உள்ள வீடுகளுக்கு, அதாவது நம் ஊர் அடுக்குமாடி வீடுகளில் பெரும்பாலானவற்றுக்கு, மெல்லிய மஞ்சள் சாயல் கொண்ட வெள்ளை வேண்டும். சுவரும் தரையும் ஒரே குடும்பமாகத் தெரியும். வெள்ளை அல்லது சாம்பல் டைல்ஸ் போட்டவர்கள் அதற்கு நேர்மாறு: மஞ்சள் சாயல் அங்கே பழைய பேப்பர் மாதிரி இருக்கும்.

தரைக்கு அடுத்து ஜன்னலுக்கு வெளியே பாருங்கள். இதைப் பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை. நம் தெருக்களில் எதிர்வீடு பத்தடி இருபதடியில் இருக்கும். அந்த வீட்டுக்காரர் கிளிப்பச்சையோ ஆரஞ்சோ அடித்திருந்தால், அவர் சுவரில் பட்டுத் திரும்பும் வெயில் உங்கள் அறைக்குள் அந்த நிறத்தோடுதான் நுழையும். வாசலில் பெரிய வேப்பமரம் இருந்தாலும் அப்படியே. அறைக்குள் வரும் வெளிச்சத்தில் பச்சை கலந்திருக்கும். அந்த அறைக்குப் பச்சைச் சாயல் உள்ள வெள்ளையைத் தேர்ந்தெடுத்தால் உள்ளே இருப்பவர்கள் முகம் காய்ச்சல் கண்டவர்கள் மாதிரி தெரியும்.

இன்னொன்று, உங்கள் வீட்டில் ஏற்கெனவே மாற்ற முடியாத வெள்ளைகள் இருக்கின்றன. சுவிட்ச் போர்டு, யுபிவிசி ஜன்னல், ஏசி, வாஷ்பேசின். புதுச் சுவர் இவற்றைவிட நீலமாகிவிட்டால் சுவிட்ச் போர்டு பத்து வருஷப் பழசாகத் தெரியும். கார்டை எடுத்துப்போய் சுவிட்ச் தகடுக்குப் பக்கத்தில் ஒரு தடவை பிடித்துப் பாருங்கள்.

நம் ஊர் வெயிலும் நம் வீட்டு பல்பும்

வெளிநாட்டுக் குறிப்புகளைப் படித்தால், வடக்கு ஜன்னல் அறையில் வெயிலே வராது, அங்கே வெளிச்சம் எப்போதும் நீலமாக இருக்கும், அதனால் மஞ்சள் சாயல் வெள்ளை அடியுங்கள் என்றிருக்கும். லண்டனுக்கு அது பெரும்பாலும் சரி. நமக்குப் பாதி வருஷத்துக்குத்தான் பொருந்தும். சென்னை இருப்பது ஏறக்குறைய 13 பாகை வட அட்சத்தில். ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் அங்கே தலைக்கு நேர்மேலுமில்லை, தெற்கிலுமில்லை, சற்று வடக்கே நிற்கிறது. கன்னியாகுமரியில் அந்தக் காலம் இன்னும் நீளம். மார்ச் கடைசியிலிருந்து செப்டம்பர் கடைசி வரை சூரியன் உதிப்பதும் மறைவதும் நேர்க் கிழக்கு மேற்குக்கு வடக்கே தள்ளித்தான். ஆகவே மே, ஜூன் மாதங்களில் காலையிலும் மாலையிலும் வடக்கு ஜன்னலில் நேர் வெயில் சாய்ந்து விழும். மார்கழியிலோ தெற்கு ஜன்னல் வழியாக வெயில் அறைக்குள் நீளமாகப் படுக்கும், அப்போது வடக்கு அறை நிழலாக இருக்கும். ஆக, வடக்கு அறைக்கு மஞ்சள் சாயல் வேண்டும்தான், ஆனால் அளவோடு; இல்லாவிட்டால் மே மாதத்தில் எரிச்சலூட்டும்.

மேற்குப் பார்த்த படுக்கையறைதான் கஷ்டமானது. மூன்று மணியிலிருந்து ஆறு மணி வரை தங்கம் உருக்கி ஊற்றினாற்போல வெயில். அங்கே க்ரீம் அடித்தால் சாயங்காலம் அறை முழுக்க மாம்பழ நிறமாகிவிடும். சாம்பல் பக்கம் லேசாகச் சாய்ந்த வெள்ளை அந்தச் சூட்டைக் கண்ணுக்குத் தணிக்கும். அதே சாம்பல் சாயலை, அடுத்த கட்டடம் ஒட்டி நிற்பதால் வெளிச்சமே வராத அறைக்கு அடித்துவிடாதீர்கள். ஐப்பசி அடைமழையில் அந்த அறை ஈரச் சிமெண்ட் மாதிரி இருக்கும்.

பகலைவிட இரவு முக்கியம். வேலைக்குப் போகிற வீடுகளில் ஆட்கள் சுவரைப் பார்ப்பதே பெரும்பாலும் விளக்கு வெளிச்சத்தில்தானே. எல்.இ.டி. பல்பு அட்டைப்பெட்டியில் கெல்வின் என்று ஒரு எண் இருக்கும். 3000 கெல்வின் என்றால் பழைய குண்டு பல்பு மாதிரி மஞ்சள். 4000 நடுத்தரம். 6500 என்றால் நீலம் கலந்த பளிச்சென்ற வெளிச்சம். நம் வீடுகளில் பெரும்பாலும் இருப்பது 6500தான், பெயிண்ட் கடையிலும் அதுதான். 6500 வெளிச்சத்தில் சாம்பல் சாயல் வெள்ளை நீலமாகிவிடும், தூய வெள்ளை கண்ணைக் கூசும், லேசான மஞ்சள் சாயல்தான் வெள்ளையாகத் தெரியும். அதே மஞ்சள் சாயல் 3000இல் நன்றாகவே மஞ்சளாகும். பெயிண்ட் வாங்குவதற்கு முன் எந்த பல்பு போடப்போகிறீர்கள் என்று முடிவுசெய்யுங்கள் என்பது இதனால்தான். எங்கள் ஹாலில் மறுபடி பெயிண்ட் அடிப்பதற்கு முன்னால் நாங்கள் செய்தது, 6500 ட்யூபைக் கழற்றிவிட்டு 4000 மாட்டியதுதான். பாதிக் குறை அதிலேயே போய்விட்டது.

கார்டில் சின்னது, சுவரில் பெரியது

ஷேட் கார்டில் பின்பக்கம் எல்.ஆர்.வி. என்று ஒரு எண் இருந்தால் அதைக் கவனியுங்கள். சுவரில் விழும் வெளிச்சத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு திரும்பி வருகிறது என்பதைச் சொல்வது அது. முழுக் கறுப்பு 0, முழு வெள்ளை 100. வெள்ளை என்று விற்கப்படுபவை பொதுவாக 80க்கு மேல் இருக்கும். 90க்கும் 80க்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றும். ஆனால் வெளிச்சம் ஒரு சுவரில் பட்டு அதோடு நிற்பதில்லை, எதிர்ச் சுவர், கூரை என்று மோதிக்கொண்டே போகிறது. மூன்று தடவை பட்டுத் திரும்பினால், 90 உள்ள சுவர்களில் 100க்கு 73 பங்கு மிஞ்சும். 80 உள்ள சுவர்களில் 51 பங்குதான். சின்ன ஜன்னல் உள்ள அறைக்கு இது பெரிய வித்தியாசம்.

நிறமும் இதே மாதிரி ஒவ்வொரு மோதலிலும் கூடுகிறது. கார்டில் இருக்குமா இருக்காதா என்று தெரிந்த மஞ்சள், நாலு சுவரும் ஒன்றுக்கொன்று அனுப்பிக்கொள்ளும்போது கெட்டிப்படும். அறையின் மூலையைப் பாருங்கள். அங்கே நிறம் எப்போதும் ஒரு படி தூக்கலாகவே இருக்கும். கார்டில் உங்களுக்குப் பிடித்ததைவிட ஒரு படி வெளிர்ந்ததை எடுங்கள் என்று அனுபவமுள்ள பெயிண்டர்கள் சொல்வது இதனால்தான்.

கார்டை நம்பி மட்டும் முடிவெடுக்க வேண்டாம் என்று நான் கெஞ்சிக் கேட்கிறேன். இரண்டு மூன்று ஷேடில் சின்ன டப்பா வாங்குங்கள். பழைய சுவரில் நேராக அடித்துப் பார்க்காதீர்கள், பழைய நிறம் பக்கத்தில் இருந்து கண்ணை ஏமாற்றும். இரண்டடிக்கு இரண்டடி கெட்டி அட்டையில் இரண்டு கோட் அடித்து ஒரு நாள் காய விடுங்கள். ஈரத்தில் தெரிவது உண்மையான நிறமில்லை. பிறகு அந்த அட்டையைத் தரையை ஒட்டி நிறுத்துங்கள், ஜன்னல் பக்கத்துச் சுவரில் சாத்துங்கள், ஒரே ஷேடில் இரண்டு அட்டை இருந்தால் மூலையில் மடக்கி வையுங்கள். காலையில் காபி குடிக்கும்போது ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை, நாலு மணி வெயிலில், இரவு விளக்கு போட்டபின். இரண்டு நாள் அது வீட்டுக்குள் கிடந்தால் எது ஒத்துவரும் என்று உங்களுக்கே தெரிந்துவிடும். எங்கள் வீட்டில் மூன்று அட்டைகளைச் சோபாவுக்குப் பின்னால் வைத்திருந்தோம். கடையில் "கொஞ்சம் மஞ்சளா இருக்கே" என்று நான் தள்ளிவைத்த ஷேடுதான் டைல்ஸ் பக்கத்தில் வெள்ளையாக நின்றது.

வாங்கும்போது

பளபளப்பு அளவும் வெண்மையை மாற்றும். ஷீன் உள்ள பெயிண்ட் ஜன்னல் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும், பட்டி சரியாகத் தேய்க்காத மேடு பள்ளமெல்லாம் சாய்வெயிலில் தெரியும். மேட் அவற்றை மறைக்கும், ஆனால் குழந்தைகளின் கைத்தடத்தைத் துடைத்தால் அந்த இடம் மட்டும் மினுக்கும். நடமாட்டம் உள்ள ஹாலுக்கு மென்மையான ஷீன், கூரைக்கு மேட். தாளிப்புப் புகை படியும் சமையலறைக்கும் கற்பூரக் கரி படியும் பூஜையறைக்கும் தயங்காமல் கழுவக்கூடிய பெயிண்ட்.

கதவு, ஜன்னல் சட்டங்களுக்கு வெள்ளை எனாமல் அடிப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். ஆயில் எனாமல் நாளாவட்டத்தில் மஞ்சளாகும், அதுவும் வெளிச்சம் படாத இடத்தில் சீக்கிரம். பீரோவுக்குப் பின்னால் இருக்கும் கதவு முதலில் பழுக்கும். தண்ணீரில் கரையும் எனாமல் அவ்வளவு மாறாது.

தேவையான பெயிண்டை ஒரே நேரத்தில் வாங்குங்கள். வெள்ளைக்குச் சேர்ப்பது சொட்டுக் கணக்கு என்பதால், ஒரு சொட்டு கூடக் குறைந்தாலும் இரண்டு டப்பாக்களுக்கு நடுவே வித்தியாசம் தெரியும். ஒரு சுவர் பாதியில் டப்பா தீர்ந்து அடுத்ததைத் திறப்பதுதான் மோசம். எல்லா டப்பாவையும் ஒரு பெரிய டிரம்மில் கொட்டிக் கலக்கிவிட்டு அடிக்கச் சொல்லுங்கள். மேஸ்திரி முணுமுணுத்தாலும் செய்வார். மிச்சத்தில் அரை லிட்டரைக் காற்றுப் புகாத பாட்டிலில் ஊற்றி, ஷேட் எண்ணையும் வாங்கிய தேதியையும் எழுதி ஒட்டிப் பரணில் வையுங்கள். அடுத்த தடவை ஆணி பிடுங்கிய ஓட்டைக்குப் பட்டி வைக்கும்போது அது கையில் இருக்கும்.